போன் சொன்னது பாதிதான்

நாய் கடித்து நான்காம் நாள் வந்தார் அந்த இளைஞர். வயது 22. கெண்டைக்காலில் பல் பதிந்த காயம், அதன்மேல் காய்ந்துபோன சுண்ணாம்பு. "ஏன் தம்பி இவ்வளவு லேட்?" என்றேன். "போன்ல கேட்டேன் டாக்டர். பத்து நாள் நாயைக் கவனிச்சா போதும்னு சொல்லுச்சு." இப்போதெல்லாம் இந்தப் பதிலை அடிக்கடி கேட்கிறேன்.

திருப்பிக் கேட்காத குரல்

பத்து நாள் கவனிப்பது சரிதான். ஆனால் ரேபிஸ் தடுப்பூசியைத் தொடங்கிவிட்டுத்தான் கவனிக்க வேண்டும். அந்த முன்பாதியைப் போனில் பேசிய குரல் சொல்லவில்லையோ, இவர் காதில் விழவில்லையோ! ரத்தம் வந்ததா, தெருநாயா என்று அது திருப்பிக் கேட்கவில்லையாம். நாங்கள் முதலில் கேட்பதே அதைத்தான்.

இப்படிப் பதில் சொல்லும் குரல்கள் தவறலாம் என்பது புதிதல்ல. உலக சுகாதார நிறுவனம் 2024 ஏப்ரலில் 'சாரா' என்ற பேசும் உதவியாளரை 8 மொழிகளில் கொண்டுவந்தது. தமிழ் அதில் இல்லை. அதன் பதில்கள் எப்போதும் சரியாக இருக்கும் என்பதில்லை என்று அந்த நிறுவனமே எச்சரித்தது.

அதற்காகக் குரல்மீது எனக்குப் பகை இல்லை. அம்மா பக்கத்தில் இருக்கும்போது, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி பற்றிக் கேட்கக் கூசும் பெண், இரவில் போனிடம் கேட்டுவிடுகிறாள். பொறுமையாகப் பதில் சொல்ல எங்களுக்குத்தான் நேரம் இருப்பதில்லை.

இன்னும் சாகாத கதைகள்

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று தாத்தா சொன்ன கதைக்கு இன்றும் பயப்படுகிறார்கள். அது எப்போதோ போய்விட்டது. இப்போது கையில்தான், தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாட்கள். அரசு மருத்துவமனையில் இலவசம்.

சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் விஷத்தை இழுக்குமாம். எதையும் இழுக்காது, காயத்தைத்தான் புண்ணாக்கும். தயவுசெய்து அதை நிறுத்துங்கள்! சோப்பு, ஓடும் தண்ணீர், 15 நிமிடம். வீட்டு வைத்தியம் அவ்வளவே.

எச்.பி.வி. ஊசி போட்டால் குழந்தை பிறக்காது என்பதும் பொய். 'கல்யாணம் ஆகட்டும், பிறகு பார்க்கலாம்' என்பது அதைவிட மோசம். அந்த ஊசி வந்த தொற்றைப் போக்காது, வருமுன் தடுக்கும். சிறு வயதில் விட்டுப்போனவர்கள் 26 வயதுவரை போட்டுக்கொள்ளலாம். ஆண்களுக்கும் உண்டு.

பரிசோதனை

நாய்க்கடிக்கு வருவோம். 'டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு ஊசி போடலாம்' என்று காத்திருக்க முடியாது; ரேபிஸ் தொற்றியிருக்கிறதா என்று அறிகுறிக்கு முன்பே காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது.

கெஞ்சிக் கேட்கிறேன்

போனிடம் கேளுங்கள், தப்பில்லை. காயத்தைக் கழுவிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் கேளுங்கள். நாள் கடந்துவிட்டதே என்று வராமல் இருந்துவிடாதீர்கள்; அந்தத் தம்பிக்கு நான்காம் நாளிலும் ஊசி போட்டோம். அறிகுறி தெரிந்தபின் வந்தால், காப்பாற்றும் மருந்து எங்களிடம் இல்லை.