தொட்டிலுக்குப் புது வண்ணமா? கொஞ்சம் பொறுங்கள்!

மகளோ மருமகளோ முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த உடனே நம் வீடுகளில் நடக்கிற முதல் காரியம் என்ன தெரியுமா? யாராவது ஒருவர் ஏணி போட்டுப் பரணில் ஏறுவார். "அந்தப் பழைய தொட்டில் இங்கேதானே இருந்தது?" என்று தேட ஆரம்பிப்பார்.

எங்கள் வீட்டில் ஏறியது நான்தான். என் மகளுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து அழைத்து வந்திருந்தோம். பரணில் இருந்த தொட்டில் என் தாத்தா பலா மரத்தில் செய்வித்தது. நான்கு பக்கமும் கடைசல் கம்புகள், தலைமாட்டில் இரண்டு மரக்கிளிகள். நானும் என் தங்கைகளும் அதில் தூங்கியவர்கள். என் மகளும் அதில் தூங்கியவள்தான். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தடவை பெயின்ட் அடித்து, மஞ்சள் மேல் சிவப்பு, சிவப்பு மேல் பச்சை, மறுபடி மஞ்சள் என்று தடிமனாக ஏறியிருந்தது. அங்கங்கே செதில் செதிலாக உரிந்தும் இருந்தது.

"சும்மாதானே இருக்கிறோம், நாமே அடிப்போம்" என்று நாலு உப்புத்தாள் வாங்கி வந்து கொல்லை வராந்தாவில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தேன். அரை மணி நேரம் போயிருக்கும். மகள் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பேச்சுத் துணைக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். தற்செயலாக அவள் கையைப் பார்த்தேன். வளைகாப்புக் கண்ணாடி வளையல்கள் மேல் மெல்லிய மஞ்சள் தூள் படிந்திருந்தது.

எனக்குச் சுரீர் என்றது. "எழுந்து உள்ளே போம்மா! முதல்ல குளிச்சிட்டுப் புடவையை மாத்து" என்றேன். "என்னப்பா, என்ன ஆச்சு?" என்று பயந்துவிட்டாள் அவள்.

என்ன ஆச்சு என்பதைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

தூளில் இருப்பது என்ன?

பழைய எனாமல் பெயின்டுகளில் காரீயம் கலந்திருக்கும். நாம் பேச்சில் 'ஈயம்' என்று பொதுவாகச் சொல்கிறோம். பாத்திரத்துக்குப் பூசுவதும் ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் வெள்ளீயம். அது வேறு உலோகம். நான் சொல்வது காரீயம். பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் பச்சையும் வருவதற்கு இதன் உப்புகளைச் சேர்த்தார்கள். சீக்கிரம் உலர்வதற்காகவும் சேர்த்தார்கள்.

சித்த மருத்துவக் கல்லூரியில் குணபாடம் படித்தவர்களுக்குக் காரீயம் புதிதல்ல. மிருதார்சிங்கி என்கிறோமே, அதுவும் காரீயச் சரக்குதான். இவற்றுக்கு இத்தனை சுத்தி முறைகளை ஏன் எழுதி வைத்தார்கள்? நஞ்சு என்று தெரிந்ததால்தானே! அதையெல்லாம் படித்துத் தேர்வு எழுதிய நானே, மகள் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தேன். தொட்டில் மீது இருந்த பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

குழந்தைக்கு ஏன் இவ்வளவு ஆபத்து?

நம் உடம்பு காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று தவறாக எண்ணி ஏமாந்துபோகிறது. அதனால் எலும்பிலும் பல்லிலும் கொண்டுபோய்ச் சேர்த்து வைக்கிறது. அங்கே அது பல வருடங்கள் தங்கிவிடும். தாய் கர்ப்பமாக இருக்கும்போது எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து குழந்தைக்குப் போகிறது அல்லவா? அதோடு இதுவும் கிளம்பி, நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போய்விடும்.

பிறந்த பிறகோ, நிலைமை இன்னும் மோசம். ஒரே அளவு காரீயம் வயிற்றுக்குள் போனால், பெரியவர்கள் உடம்பு ஏற்பதைப்போல் நாலைந்து மடங்கு சிறு குழந்தையின் உடம்பு ஏற்றுக்கொள்ளும். வளர்கிற மூளையைத்தான் அது முதலில் தாக்கும். படிப்பில் மந்தம், கவனம் நிற்காமை, காரணமில்லாத எரிச்சல், ரத்தசோகை, மலச்சிக்கல், வயிற்று வலி... இதெல்லாம் வரலாம். பல குழந்தைகளுக்கு வெளியில் எந்த அறிகுறியும் தெரியாது என்பதுதான் கொடுமை. மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பைப் பிறகு எந்த மருந்தாலும் முழுதாகத் திருப்ப முடியாது. இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படி ஒரு பாதுகாப்பான அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

பல் முளைக்கிற வயதில் குழந்தை என்ன செய்யும்? தொட்டில் கம்பைப் பிடித்து எழுந்து நின்று, அதையே கடிக்கும். தவழும்போது தரையில் கிடக்கிற தூள் கையில் ஒட்டும். கை வாய்க்குப் போகும். போதாதா?

நூறு வருடத்துக்கு முந்தின பாடம்

இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் என்று ஒரு நகரம். 1890களில் அங்கே குழந்தைகளுக்குக் காரீய நஞ்சு ஏறியிருப்பதை ஜெஃப்ரிஸ் டர்னர் என்ற மருத்துவரும் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவரும் கவனித்தார்கள். எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை. 1904-ல் கிப்சன் காரணத்தை எழுதினார்: வீட்டு வராந்தாக்களின் கைப்பிடிக் கம்பிகளிலும் சுவர்களிலும் அடித்திருந்த பெயின்ட்! வெயிலில் அது பொடியாக உதிர்கிறது. பிள்ளைகள் அதைப் பிடித்து விளையாடிவிட்டு விரல் சூப்புகிறார்கள். அந்த மாநிலத்தில் 1922-ல் இதற்குச் சட்டம் கொண்டு வந்தார்கள்.

நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயின்டுகளுக்கான விதி 2016 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதன்படி பெயின்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது. ஒரு கிலோவுக்கு 90 மில்லி கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய எனாமல்களில் இதைப்போல் நூறு மடங்குக்கு மேலும் இருந்தது உண்டு. ஆகவே அதற்கு முன்னால் பெயின்ட் அடித்த தொட்டில், நடைவண்டி, மர பீரோ, ஜன்னல் கதவு எதுவாக இருந்தாலும் அதில் காரீயம் இருக்கிறது என்றே நினைத்துச் செயல்படுங்கள். பார்வையால் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வகச் சோதனைதான் சொல்லும்.

"மேலேயே ஒரு கோட் அடிச்சா மூடிடுமே, டாக்டர்?"

இப்படித்தான் பலரும் கேட்கிறார்கள். மூடாது! பழைய பெயின்ட் உரிந்தால் மேலே அடித்ததும் சேர்ந்துதான் உரியும். சங்கிலி மாட்டுகிற இடமும் கம்புகள் பொருந்துகிற இடமும் ஆடும்போதெல்லாம் உரசித் தூளாகக் கொட்டும். குழந்தை கடித்தாலோ கேட்கவே வேண்டாம்.

சரி, என்னதான் செய்வது? கீழே உள்ளதைக் கவனமாகப் படியுங்கள்.

கர்ப்பிணியும் குழந்தைகளும் அந்த இடத்திலேயே இருக்கக்கூடாது. வேலை வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். வெளியில், காற்று அதிகம் வீசாத இடத்தில், தரையில் பெரிய பிளாஸ்டிக் விரிப்புப் போட்டுச் செய்யவேண்டும்.

உலர்ந்தபடி உப்புத்தாள் போடாதீர்கள். மிஷின் வைத்துத் தேய்ப்பது அதைவிடக் கெடுதல். நெருப்புக் காட்டி உரிக்கவும் கூடாது, புகையாக நெஞ்சுக்குள் போய்விடும். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற 'வாட்டர் பேப்பர்' பெயின்ட் கடையில் கிடைக்கும். மரத்தை ஈரப்படுத்தி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு தேய்க்கவேண்டும்.

மூக்கில் கைக்குட்டை கட்டினால் போதாது. கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழகிய என்-95 முகக்கவசமாவது வேண்டும். வேலை முடிந்ததும் குளித்து, துணியைத் தனியாகத் துவைக்கவேண்டும். பட்டறையில் கொடுத்துச் செய்தால் தச்சரிடமும் பெயின்டரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். சட்டையில் ஒட்டிய தூள் அங்கேயும் போகும்.

உரிந்த பெயின்டைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, விரிப்போடு சுருட்டிக் கட்டிக் குப்பையில் தனியாகச் சேர்த்துவிடுங்கள். கிணற்றடியிலோ கீரைப் பாத்தியிலோ கொட்டவேண்டாம். முக்கியமாக, பழைய பெயின்ட் அடித்த மரத்துண்டை வெந்நீர் அடுப்பில் வைத்துவிடாதீர்கள்! பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் போடுகிறோம் என்று அந்தப் புகையையே அவளுக்குக் கொடுத்தது போலாகும்.

புதுப் பெயின்ட் வாங்கும்போது டப்பாவில் காரீய அளவு 90-க்குள் என்று போட்டிருக்கிறதா, தயாரித்த மாதம், வருடம் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரில் கரையும் பெயின்ட் நல்லது. வீட்டு மூலையில் கிடக்கிற பழைய டப்பா வேண்டாம். கிரில் பட்டறையிலோ லாரி பட்டறையிலோ மிச்சமான பெயின்ட் கூடவே கூடாது. அந்த 90 கணக்கு வீட்டு உபயோகப் பெயின்டுகளுக்கு மட்டும்தான்.

அடித்த பிறகு வாசனை முழுக்கப் போகும்வரை மூன்று நான்கு வாரம் காற்றோட்டமாக வையுங்கள். பிரசவத்துக்கு முதல் நாள் அடித்துப் பச்சைப் பிள்ளையைப் போடாதீர்கள். பெயர் சூட்டு விழாவில் தொட்டிலுக்குப் பொட்டு வைக்கும்போதும் சந்தனமும் வீட்டு மஞ்சளும் போதும். ஆரஞ்சு நிறச் செந்தூரப் பொடிகளில் காரீயச் செந்தூரம் கலந்தவை உண்டு.

ஏற்கெனவே குழந்தை படுத்துவிட்டதே?

பதறவேண்டாம். தொட்டிலை அப்புறப்படுத்திவிட்டு, குழந்தைகள் நல மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் காரீய அளவு பாருங்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில், அதாவது 100 மில்லியில், 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். மிக அதிகமானால் மருத்துவமனையில் அதை வெளியேற்றும் சிகிச்சை உண்டு.

"சித்தாவில் இதை முறிக்க ஏதாவது கஷாயம் உண்டா?" என்று கேட்பீர்கள். சித்த மருத்துவனாகவே சொல்கிறேன். கைக்குழந்தைக்கு நீங்களாக எந்தக் கஷாயமும், செந்தூரமும், பற்பமும் கொடுக்காதீர்கள்.

ஆனால் உணவால் ஒரு பெரிய உதவி உண்டு. உடம்பில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைவாக இருந்தால் காரீயம் அதிகமாக ஏறும். இரண்டும் நிறைவாக இருந்தால் குறைவாக ஏறும். கர்ப்பிணிக்கு முருங்கைக்கீரை கொடுங்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, கூழாகவோ அடையாகவோ கொடுக்கலாம். கீரையின் இரும்பு நன்றாக ஒட்டுவதற்கு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேரட்டும். மருத்துவர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையையும் நிறுத்தவேண்டாம். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குக் கேழ்வரகுப் பால் காய்ச்சிக் கொடுக்கலாம்.

எங்கள் தொட்டில் என்ன ஆயிற்று?

மகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம். பயப்படும்படி எதுவும் இல்லை. எனக்குத்தான் அந்த முடிவு வரும்வரை தூக்கம் இல்லை.

தொட்டிலைப் பட்டறைக்கு அனுப்பினேன். நனைத்துத் தேய்த்தும் கடைசல் கம்புகளின் பள்ளத்தில் இருந்த பெயின்ட் வரவே இல்லை. "அதுங்களை விட்டுடுங்க சார், புதுசா கடைஞ்சு போட்டுடலாம்" என்றார் தச்சர். கிளிகளும் அப்படித்தான். அவற்றைக் கழற்றி, பையில் போட்டுக் கட்டிப் பரணில் வைத்துவிட்டேன். "உன்னைப் போட்ட தொட்டிலைப் போய் இப்படிப் பிரிச்சுட்டியே" என்று என் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் பேத்தியின் வளையலில் படிந்த தூளைப் பற்றிச் சொன்னதும், தன் பழைய நூல் புடவை ஒன்றை எடுத்து வந்து, "முதல் மூணு மாசம் தூளி கட்டு. பிள்ளைக்கு அதைவிட இதமானது எது?" என்று கொடுத்துவிட்டார்.

கொள்ளுப்பேரன் அதில்தான் தூங்கினான். அதற்குள் தொட்டிலும் தயாராகி வந்தது. அதற்கு நாங்கள் பெயின்டே அடிக்கவில்லை. அத்தனை பூச்சும் போன பிறகுதான் பார்த்தோம்: பலா மரத்துக்கு இயற்கையாகவே நல்ல மஞ்சள் நிறம்!