சுனைமீன்களின் மரபணு வளம்

ஒரு நீர்நிலையில் வாழும் ஓரின மீன்கள் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினும், உள்ளமைப்பில் ஒன்றற்கொன்று வேறுபட்டவை. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்து உடலின் இயல்புகளை வகுப்பவை மரபணுக்கள். ஒரே மரபணு மீனுக்கு மீன் சிறிது மாறிய வடிவில் அமைந்திருத்தல் உண்டு. இவ்வேற்றுமை ஒரு குலத்தில் மிக்கிருப்பதையே மரபணு வளம் என்கிறோம். அவ்வளம் குன்றின் அக்குலம் என்னாகும் என்பதை மெக்சிகோ நாட்டுச் சிறுமீன் ஒன்றன் வரலாற்றால் அறியலாம்.

அந்நாட்டின் வடமேற்கே உள்ள சொனோரா மாநிலத்து மலையோடைகளில் பொயிசிலியாப்சிஸ் மொனாக்கா என்னும் மீன் வாழ்கிறது. அது விரலளவினும் சிறியது. முட்டையிடாது குட்டி ஈனுவது. அதனோடு கலந்து, கலப்பினால் தோன்றிய வேறொரு மீன்வகையும் வாழ்கிறது. அவ்வகையில் ஆண் என்பதே இல்லை! தாயை அச்சில் வார்த்தாற்போலவே மகளும், மகளின் மகளும் பிறக்கின்றன. ஆயினும் கரு வளரத் தொடங்குதற்கு மொனாக்கா ஆணின் துணை வேண்டும். அவ்வாணின் மரபணு மட்டும் குட்டியைச் சேர்வதில்லை. ஆதலின் மொனாக்கா அழியின் இவ்வோரச்சு மீன்களுக்கும் வாழ்வில்லை.

தட்டைப்புழு ஒன்றன் இளம்பருவம் இவ்விரு வகையையும் பற்றுகிறது. பற்றிய இடத்தில் கரும்புள்ளி தோன்றும். புள்ளிகளை எண்ணி நோயின் அளவை அறிந்து கொள்ளலாம். பொதுவாக, ஒரு மடுவில் மிக்கிருக்கும் ஓரச்சு மீன்களே இந்நோய்க்குப் பெரிதும் ஆளாகின்றன. ஒரு தெருவின் வீடுகளுக்கெல்லாம் ஒரே வகைப் பூட்டு இருப்பின், அதன் திறவுகோலைப் பெற்ற கள்வனுக்கு எல்லா வீடும் திறந்த வீடே அன்றோ? மொனாக்காவின் தெருவிலோ பூட்டுகள் பலவகை.

1976ஆம் ஆண்டில் கடும் வறட்சியால் மேலோடையின் சிறு மடு ஒன்று வற்றியது. 1978ஆம் ஆண்டிற்குள் ஒரு சில மீன்கள் அங்கே மீண்டும் குடியேறின. அச்சிலவற்றின் வழிவந்த மொனாக்கா மீன்கள் தம்முள்ளேயே இணைந்தமையால், அவற்றின் மரபணு வேற்றுமை ஏறத்தாழ அற்றுப்போயிற்று. அம்மடுவில் முறை தலைகீழாக மாறிற்று. மொனாக்கா மீன்களே கரும்புள்ளிகளை மிகுதியாகப் பெற்றன. முன்னர்ப் பெரும்பான்மையாய் இருந்தவை மிகச் சிறுபான்மை ஆயின.

1983இல் இராபர்ட் விரையென்ஹூக் என்னும் அமெரிக்க அறிஞர், கீழோடையில் வேற்றுமை மிக்கிருந்த மொனாக்கா மீன்களுள் 30 பெண்மீன்களைக் கொணர்ந்து அம்மடுவில் விட்டார். செய்தது இவ்வளவே. சில ஆண்டுகளுக்குள் மொனாக்கா தன் பழைய பெரும்பான்மையை மீட்டுக்கொண்டது. அதன் உடலிற் கரும்புள்ளிகளும் குறைந்தன. முப்பது மீன்கள் எண்ணிக்கையால் அற்பமே. அவை கொணர்ந்த மரபணு வகைகளே அக்குலத்தை மீட்டன. அவரும் அவர்தம் துணைவர் இருவரும் இச்செய்தியை 1990இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர்.

மீன்களுக்கு வறட்சி செய்ததைத் தவளைகளுக்கு நகரம் செய்கிறது. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்துக் குளங்களில் வாழும் தவளைகள், சாலைகளும் கட்டடங்களும் இடைநிற்பதால் அடுத்த குளத்துத் தவளைகளோடு கலக்க இயலாதன. அவற்றை நாட்டுப்புறத் தவளைகளோடு ஒப்பிட்டு நிகழ்த்திய ஆய்வு 1997இல் வெளிவந்தது. நகரத் தவளைகளிடம் மரபணு வளம் குறைந்திருந்தது. அவற்றின் தலைப்பிரட்டைகளில் இறப்பும் உருத்திரிபும் மிகுந்திருந்தன.