பலகை மேல் ஒரு சின்ன லைன்: திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதையை வீட்டில் அமைப்பது

மாதிரி ரயில் பாதை அமைக்க ஆசைப்படுகிற எங்கள் பக்கத்துக்காரர்கள் முதலில் நினைப்பது ஜோலார்பேட்டையைத்தான். சென்னை, பெங்களூரு, சேலம் என்று மூன்று திசைக்கும் பிரிகிற சந்திப்பு, பக்கத்திலேயே ஏலகிரி. ஆசை நியாயமானது. ஆனால் மரம் வாங்கப் போவதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். உலகில் அதிகம் பேர் கையாளுவது எச்.ஓ. என்கிற 1:87 அளவு. பழைய ஐ.சி.எஃப். பெட்டி ஒன்றின் நீளம் 21.3 மீட்டர், 87-ஆல் வகுத்தால் 24.5 செ.மீ. 24 பெட்டிகள் கொண்ட ஒரு எக்ஸ்பிரஸ், எஞ்சினையும் சேர்த்தால் ஆறு மீட்டருக்கு மேல் போகும். வண்டிக்கு மட்டுமே இருபது அடிச் சுவர். அது நிற்கப் பிளாட்ஃபாரம், இரு முனையிலும் பாயிண்ட்கள், திரும்பி வர வளைவு எல்லாம் சேர்ந்தால் எந்த வீட்டுக் கூடத்திலும் அடங்காது. பெரிய சந்திப்பாகத் தொடங்கிய அமைப்புகள் தண்டவாளம் பரப்பிய நிலையிலேயே வருடக்கணக்கில் நிற்பதற்கு இந்த நீளம்தான் காரணம், சோம்பல் அல்ல.

நான் சொல்லுகிற வழி, எட்டுக் கிலோமீட்டர் தெற்கே வந்து திருப்பத்தூரை எடுத்துக்கொள்வது. அதிலும் இன்று கண்ணில் படாத பகுதியை.

திருப்பத்தூருக்கு அகலப் பாதை 1860களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி மேற்குக் கடற்கரையை நோக்கிப் போட்ட தடம் அது. 1905-ல் இங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு இரண்டரை அடி அகலத்தில் ஒரு சின்ன லைன் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 25 மைல். பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுபோக வழி வேண்டும் என்பது அக்காலத்தில் இத்தகைய கிளைகளுக்குச் சொல்லப்பட்ட காரணம். மறு ஆண்டு மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இதே அகலத்தில் இன்னொன்று வந்து, பின்னால் ஓசூர் வரை நீண்டது. இரண்டுமே சுதந்திரத்துக்கு முன் பிடுங்கப்பட்டன. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்றும் ரயில் இல்லை. இல்லாமல் போன ஒன்றைக் கண்ணால் பார்க்கிற மாதிரி நிறுத்திவைப்பது இந்தக் கலையால் முடிகிற காரியம். அதற்காகவே இந்த லைன் என் மனதுக்கு நெருக்கமானது.

இன்னொரு காரணம் கணக்கில் இருக்கிறது. கடைகளில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. இதை 87-ஆல் பெருக்கினால் 1435 மி.மீ.; அது ஐரோப்பாவின், அமெரிக்காவின் பாதை. நம் அகலப் பாதை 1676 மி.மீ. அதன்படி மாதிரியில் 19.3 மி.மீ. இருக்க வேண்டும். ஆகவே எச்.ஓ. அளவில் ஓடுகிற இந்திய எஞ்சின்கள் எல்லாம் தமக்குப் பொருந்தாத ஒடுக்கமான தடத்தில் ஓடுகின்றன. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் அது தெரியும். இரண்டரை அடிப் பாதை 762 மி.மீ.; 87-ஆல் வகுத்தால் 8.76. எச்.ஓ.வைவிடச் சிறிய ‘என்’ (N) அளவு ரயில்களுக்கு விற்கப்படும் தண்டவாளம் 9 மி.மீ. வித்தியாசம் கால் மில்லிமீட்டர்தான்! 1960களில் ஜெர்மனியின் எக்கர்-பான் நிறுவனம் இந்தப் பொருத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் 1:87 அளவில் குறுகிய பாதை வண்டிகளைக் கடைக்குக் கொண்டுவந்தது. நம் அகலப் பாதைக்குத் தயாராகக் கிடைக்காத துல்லியம், பிடுங்கி எறியப்பட்ட கிருஷ்ணகிரி லைனுக்குக் கிடைக்கிறது.

இனி வேலை. முதலில் சார்ட் பேப்பரை ஒட்டி, அமைப்பை முழு அளவிலேயே வரைந்துகொள்ளுங்கள். குறுக்கி வரைந்த படம் ஏமாற்றும். அதில் இரண்டு பாயிண்ட்களுக்கு நடுவே எப்போதும் இடம் இருப்பதாகத் தோன்றும். சின்ன லைன் வண்டி ஒன்றில் ஒரு குட்டி டாங்க் எஞ்சின், இரண்டு பிரயாணிப் பெட்டி, இரண்டு சரக்கு வேகன் என்றால் நீளம் சுமார் அரை மீட்டர். எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட ஒரு லூப் வேண்டும். அரை மீட்டருக்கு லூப், இருபுறமும் 12 செ.மீ. பாயிண்ட், எஞ்சின் ஒதுங்க ஒரு சாண் தடம், கூட்ஸ் ஷெட்டுக்கு ஒரு சைடிங். எல்லாம் நாலு அடிப் பலகையில் முடிந்துவிடும். பலகையின் முன்விளிம்பை ஒட்டி அகலப் பாதைக்காக 16.5 மி.மீ. தடம் ஒன்று, அதில் இரண்டு மூன்று வேகன்கள் நின்றால் போதும். நான் சொல்லுவது பழைய நிலையத்தின் வரைபடம் அல்ல. வெவ்வேறு அகலமுள்ள இரு பாதைகள் சந்திக்கும் இடத்தில் நடக்கிற வேலையைக் காட்டுகிற ஏற்பாடு.

பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட், கீழே ரீப்பர் சட்டம். நாலு அடிக்கு ஒன்றரை அடி இருந்தால் ஒரே ஆள் தூக்கலாம். கரையானுக்கு இந்த மண்ணில் விருந்து வைக்கக்கூடாது. அடிப்பக்கம், வெட்டு விளிம்பு எல்லாம் வார்னிஷ் ஏறட்டும். பலகை நெஞ்சு உயரத்தில் இருப்பது நல்லது. மேலிருந்து குனிந்து பார்த்தால் பொம்மையாகத் தெரிவது, நெஞ்சு உயரத்தில் ஸ்டேஷனாகத் தெரியும். இந்த அளவில் ஒரு ஆள் 19 மி.மீ. உயரம், நம் கண்ணை அவன் கண்ணுக்கு அருகே கொண்டுபோக வேண்டும்.

தண்டவாளம் பதிப்பதுதான் மொத்த வேலையின் உயிர். 3 மி.மீ. கார்க் தாளை மையக்கோட்டின் மேல் ஒட்டி, அது காய்ந்த பிறகு தடத்தை வையுங்கள். ‘என்’ அளவுத் தடத்தில் ஸ்லீப்பர் கட்டைகள் மிக நெருக்கமாக இருக்கும். சின்ன லைனில் அவை சுமார் இரண்டரை அடிக்கு ஒன்று வரும். மாதிரியில் அது எட்டு ஒன்பது மி.மீ. ஆகவே ஒன்று விட்டு ஒன்றைக் கூர்மையான கத்தியால் வெட்டி எடுங்கள். கை நோகிற வேலைதான். ஆனால் வெட்டிய தடத்தையும் வெட்டாத தடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் இதைத் தவிர்க்க மாட்டார்கள். கடைத் தண்டவாளம் என்ற தோற்றம் போய், செம்மண் காட்டில் ஓடுகிற ஏழைப் பாதையின் முகம் அதற்கு வந்துவிடும்.

இணைப்புகளில் இடைவெளி விட மறக்கவே கூடாது. வேலூர், திருப்பத்தூர் வெயிலில் மாடி அறை எப்படிக் கொதிக்கும் என்று நமக்குத் தெரியும். ஒரு மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 25 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.4 மி.மீ. நீளும். இடம் இல்லாவிட்டால் தடம் பக்கவாட்டில் பிதுங்கும். மார்கழிக் குளிரில் பதிப்பவர்கள் மீட்டருக்கு ஒரு இணைப்பில் விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விடட்டும். சித்திரையில் பதித்தால் ஒட்டியே வைக்கலாம், குளிரில் அது தானே விலகிக்கொள்ளும். ஃபிஷ் பிளேட் போட்ட நிஜப் பாதையில் கேங்மேன்கள் பார்த்துக்கொண்ட அதே கணக்கு இது. பதித்தபின் கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஒவ்வொரு இணைப்பையும் தடவிப் பாருங்கள். கண்ணுக்குப் படாத படிக்கட்டு விரலுக்குத் தெரியும். நகத்தில் தட்டினால் சக்கரத்திலும் தட்டும், நுண்ணரத்தால் தேய்த்துவிடுங்கள்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓடுவது 12 வோல்ட் நேர்மின்சாரம். பலகைக்கு அடியில் வீட்டு வயரிங்குக்கான சிவப்பு, கறுப்புக் கம்பிகள் இரண்டு நீளவாக்கில் ஓடட்டும். மேலே உள்ள ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் ஒரு மெல்லிய கம்பி இறங்கி அதில் சேர வேண்டும். இணைப்புத் தகட்டையே நம்பினால் ஒரு வருடத்தில் துருவும் தூசியும் சேர்ந்து வண்டி தயங்கும். சால்டரிங் வைக்கும் இடத்தின் இருபுறமும் ஈரப் பஞ்சு வைத்தால் பிளாஸ்டிக் கட்டைகள் உருகாது. மல்டிமீட்டரால் ஒவ்வொரு துண்டையும் சோதியுங்கள்.

இந்தக் கட்டத்தில் நின்றுவிட வேண்டும். மண்ணும் மரமும் கைக்கு அருகே இருக்கும், தொடக்கூடாது. வண்டியைப் பல வாரங்கள் வெறும் பலகையில் முன்னும் பின்னும் ஓட்டி, தடம் புரளுகிற இடங்களைப் பென்சிலால் குறித்து, ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும். ஜல்லி ஒட்டிய பிறகு தடத்தைத் தூக்குவது பெரும் சேதம். வேலையில் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாத காலம் இது. என் கணிப்பில் மிக முக்கியமான காலமும் இதுதான்.

பிறகு ஜல்லி. நிஜ ஜல்லி 50 மி.மீ. என்றால் இங்கே அது அரை மி.மீ.க்குச் சற்று மேல். கிரஷர் தூளை இரண்டு சல்லடையில் சலித்து, மாவையும் பருக்கைகளையும் நீக்கி, நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சலித்ததைத் தாளில் பரப்பி, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காந்தத்தை அதன் மேல் நகர்த்துங்கள். இந்த வட்டாரத்துக் கல்லில் இரும்புத் தாது உண்டு. காந்தத்தில் கறுப்புத் துகள்கள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். விட்டுவைத்தால் அவை எஞ்சின் மோட்டாருக்குள் போய்ச் சேரும். ஜல்லியைக் கட்டைகளுக்கு நடுவே தூரிகையால் ஒதுக்கி, முதலில் தண்ணீரைப் பனிபோலத் தெளித்து நனைத்து, அதன் பிறகு மூன்று பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஃபெவிகாலும் ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவமும் கலந்து சிரிஞ்சால் விடுங்கள். நனைக்காமல் விட்டால் கலவை முத்து முத்தாக உருண்டு ஜல்லியை இழுத்துக்கொண்டு போகும். பாயிண்ட்டின் நகரும் நாக்குகளுக்கு அருகே ஒரு துளிகூட வேண்டாம்.

ஜல்லி தாண்டினால் நிலம். இங்கே திருப்பத்தூர்க்காரருக்கு வேறு எந்த ஊருக்கும் இல்லாத வசதி ஒன்று உண்டு. ஊருக்கு அருகே சேவாத்தூரில் தமிழ்நாடு கனிம நிறுவனம் வெர்மிகுலைட் வெட்டி எடுக்கிறது. சூடேற்றிப் பொரித்த வெர்மிகுலைட் லேசாக, அடுக்கடுக்காக இருக்கும். நர்சரிகளில் செடி வளர்க்க விற்கிறார்கள். பசை தடவிய பரப்பில் அதை உடைத்துத் தூவி மேலே வண்ணம் ஏற்றினால் உழுது காய்ந்த மானாவாரி நிலத்தின் பொருக்கு அப்படியே வரும். மேல் மண்ணாக நம் செம்மண்ணையே போடலாம். நன்றாகச் சலித்து, வாணலியில் வறுத்து, அதிலுள்ள பூச்சி முட்டைகள் செத்த பிறகு தூவ வேண்டும். இதற்கும் காந்தச் சோதனை உண்டு. பசை காயும்போது நிறம் ஒரு படி கறுக்கும் என்பதால் வெளிறிய மண்ணாகப் பார்த்து எடுங்கள். புல்லுக்குத் தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கி, வைக்கோல் நிறத்தில் ஒரு பங்கும் மங்கிய பச்சையில் ஒரு பங்கும் கலந்துகொள்ளலாம். வெளிநாட்டுப் பெட்டியில் வருகிற பளபளப்பான பச்சைப் புல் இந்த நிலத்துக்குச் சொந்தமில்லை. ஐப்பசி, கார்த்திகை தவிர நம் ஊர் அந்தப் பச்சையைக் காண்பதில்லை.

மலைகளை அளவுப்படி செய்ய முடியாது. ஊர்மட்டத்திலிருந்து ஏலகிரி ஏறக்குறைய 600, 700 மீட்டர் உயர்கிறது. 87-ஆல் வகுத்தால் ஏழெட்டு மீட்டர், வீட்டுக் கூரையைத் தாண்டும். ஆகவே பின்பலகையில் வரைவதே வழி. நிலையத்தில் நின்று கிழக்கே பார்த்தால் ஜவ்வாதும் வடகிழக்கே ஏலகிரியும் தெரிகிற அந்த விளிம்புக்கோட்டைப் புகைப்படத்திலிருந்து பிரதியெடுத்து, தூரத்து மலையை வெளிறிய நீலத்திலும் கிட்டத்து மலையைச் சாம்பல் பச்சையிலும் தீட்டுங்கள். மாலை நேரத்து ஜவ்வாது நீலம் குழாயில் கிடைக்காது. நீலத்தில் வெள்ளையும் ஒரு துளி காவியும் கலந்தால் கிட்ட வரும். மலைக்கும் தடத்துக்கும் நடுவே தெர்மாகோலைச் செதுக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்த துணியைப் போர்த்தி, இரண்டு மூன்று உருண்டைப் பாறைக் குன்றுகள் வையுங்கள். கண் தானாகவே அதிலிருந்து மலைக்குத் தாவிவிடும்.

கட்டடங்கள் எளிது. ஓட்டுக் கூரைக்கு மூன்றரை மி.மீ. அகலத் தாள் கீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கீழிருந்து மேலாக ஒட்டினால் போதும். கட்டுக்கம்பியை முறுக்கிப் புளிய மரங்கள் செய்யுங்கள். ஒன்று நன்றாக அமைந்தால் அதை முன்னாலும் மற்றவற்றைப் பின்னாலும் நடலாம். திருப்பத்தூரின் சந்தனக் கிடங்கு பெயர் பெற்றது, அதனால் கூட்ஸ் ஷெட் ஓரம் தோல் சீவிய சிறு குச்சிகளைக் கட்டை அடுக்காக அடுக்கலாம். மாட்டு வண்டியைக் கடையில் தேடி அலைய வேண்டாம். எம்-சீலில் இரண்டு செ.மீ. நீளத்துக்குக் காளை பிடிப்பது பிள்ளைகளுக்கும் வரும்.

எஞ்சினுக்கு ஜப்பானின் காட்டோ நிறுவனம் விற்கிற சிறு மோட்டார் அடிச்சட்டம் ஒன்றை வாங்கி, மேலே பிளாஸ்டிக் தகட்டில் உடல் கட்டுவதே சுலபமான வழி. பாய்லருக்குப் பேனாக் குழாய் உதவும். உடலுக்குள் ஈயத் துண்டு வைத்து எடை ஏற்றாவிட்டால் சக்கரம் வழுக்கும். தொடங்குவதற்கு முன் புனேயில் 1998-ல் திறந்த ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகத்தையும், சென்னையில் ஐ.சி.எஃப். பக்கத்திலுள்ள ரயில் அருங்காட்சியகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் எவ்வளவு நுணுக்கம் போதும் என்ற தெளிவு பிறக்கும்.

எல்லாம் முடிந்ததும் ஓட்டுவதற்கு ஒரு முறை வேண்டும், இல்லாவிட்டால் சலித்துவிடும். சீட்டுகளில் சரக்கின் பெயர்களை எழுதுங்கள்: புளி, சாமை, தானிய மூட்டை, மண்ணெண்ணெய் டின். ஒரு சீட்டை எடுத்து அதற்குரிய வேகனைக் கிருஷ்ணகிரியிலிருந்து கொண்டுவந்து ஷெட்டில் நிறுத்தி, அகலப் பாதை வேகன் பக்கத்தில் வரும்வரை எஞ்சினை லூப்பில் சுற்றவிட வேண்டும். ஒரு பெரிய வேகனின் சுமைக்கு இரண்டு மூன்று சின்ன வேகன்கள் தேவைப்படும். பாதை மாறுகிற ஊரில் கூலியாட்கள் முதுகில் நடந்த அந்த மாற்று வேலை எவ்வளவு நேரம் தின்றது என்பது அப்போது புரியும்.

கிருஷ்ணகிரி என்பது இப்போதைக்குப் புளிய மரங்களுக்குப் பின்னால் இருக்கிற மூன்று தடங்கள் கொண்ட வெறும் பலகை. அதை நிரந்தரமாகப் பொருத்தாமல் இரண்டு போல்ட்டில் இணைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வழியில் ஒரு சிற்றூர் நிலையத்துக்குத் தனிப் பலகை செய்து நடுவில் நுழைக்க அது உதவும். அதற்காக ஒவ்வொரு பலகையின் முனையிலும் தடம் முன்விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் வெளியேற வேண்டும். அந்த அளவை முதல் பலகையின் அடியிலேயே பெயிண்டில் எழுதிவையுங்கள்.