காமிரா கடந்துபோன ஊர்கள்

திருச்சிக்கும் சென்னைக்கும் இடையே பஸ்ஸில் போகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பெரம்பலூர் என்பது, இறங்கித் தேநீர் குடித்துக் கால்களை உதறிவிட்டு மீண்டும் ஏறிக்கொள்ளும் இடம். ரயிலில் போகிறவர்களுக்கோ அரியலூர், ஜன்னலுக்கு வெளியே நழுவிப்போகும் ஒரு பெயர்ப்பலகை. சரித்திரத்தில் பற்றுள்ள சிலர் மட்டும் கங்கைகொண்ட சோழபுரம் வரை வந்து, ராஜேந்திர சோழனின் விமானத்தைப் பின்னால் வைத்துக் குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். இவ்விரு மாவட்டங்களிலும் படமெடுக்கத் தக்கது அவ்வளவே என்னும் எண்ணம் வெளியூராரிடம் மட்டுமன்றி உள்ளூராரிடமும் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணம் தவறென்று நான் உறுதியாக நம்புவதால், வீதிப் புகைப்படக் கலையைப் பற்றி இந்த மண்ணில் நின்றுகொண்டே பேச விரும்புகிறேன்.

நில் என்றோ சிரி என்றோ யாரையும் கேளாமல், ஜனங்கள் பொது இடத்தில் தத்தம் காரியத்தில் ஈடுபட்டிருக்கும்போதே, அந்தக் காரியமும் முகமும் வெளிச்சமும் ஒன்றுகூடும் ஒரு கணத்தைப் பிடித்து வைப்பதே வீதிப் புகைப்படம். தொடக்க காலத்துக் காமிராவுக்கு இது எட்டாத வித்தை. 1858ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரரான லின்னேயஸ் ட்ரைப் மதுரையிலும் தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தபோது, மெழுகேற்றிய காகித நெகடிவில் உருவம் பதிய நெடுநேரம் வெளிச்சம் படவேண்டியிருந்தது. ஆகவே அசையாத கல் பதிந்தது, நடமாடிய மனிதர் பதியவில்லை. அந்தக் கருவியின் இயலாமை நம் ரசனையாகவே நிலைத்துவிட்டதோ என்று எனக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு.

1925ஆம் ஆண்டில் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த லைக்கா என்னும் கையடக்கக் காமிரா அந்த நிலையை மாற்றியது. அதை ஏந்தித் தெருவில் இறங்கிய பிரெஞ்சுக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன், 1932இல் பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றின் பின்புறம் தேங்கிய தண்ணீரை ஒருவர் தாண்டிக் குதிக்கும்போது, குதிகால் நீரைத் தொடுவதற்கு முந்திய கணத்தைப் பதித்தார். அந்தக் கார்த்தியே-பிரெஸ்ஸோன் நம் பக்கமும் வந்தவர்தான். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது அவர் திருவண்ணாமலையில் இருந்தார்.

எனினும் இக்கலையில் என் மனத்திற்கு மிக நெருக்கமானவர் விவியன் மேயர். அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த அந்தப் பெண்மணி, ஓய்ந்த வேளைகளிலெல்லாம் வீதிகளில் நடந்து எடுத்த லட்சத்திற்கு மேற்பட்ட படங்களை யாருக்கும் காட்டிக்கொள்ளாமல் பெட்டிகளில் பூட்டி வைத்திருந்தார். 2007இல் அவை ஏலத்தில் விலைபோன பிறகே உலகம் அவரை அறிந்தது. 2009இல் அவர் காலமானார். புகழும் பணமும் கருதாமல் ஒருவர் இவ்வளவு காலம் ஒரு காரியத்தைச் செய்தாரென்றால், பார்ப்பது என்னும் செயலிலேயே அவருக்கு ஏதோ ஒரு நிறைவு கிடைத்திருக்க வேண்டும். நம் நாட்டிலும், மீன் விற்ற தாயின் மகனாக மதுரைப் பக்கம் வளர்ந்த எம்.பழனிகுமார், அந்தத் தாயின் உழைப்பையும் தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் படமாக்கி, காமிரா எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை நமக்குக் காட்டியிருக்கிறார்.

அப்படித் திரும்பும் காமிராவோடு, பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளத்துப் பக்கம் அறுவடைக்குப் பிந்திய நாட்களில் போய்ப் பாருங்கள். சின்ன வெங்காயத்தைக் குவித்துப் பாதுகாக்கும் பட்டறைகள் வயலோரங்களில் நீளமாக, ஆனால் அகலம் குறைவாக நிற்கும். இரு பக்கமும் காற்று புகுந்து வெளிவர வேண்டும், இல்லையேல் சரக்கு அழுகிவிடும். பக்கத்திலே நிழலில் அமர்ந்து பெண்கள் வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்து எறிவார்கள். வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, கண் பாராமலே விரல் அரிவாள்முனையில் வேலை செய்யும். காற்றடித்தால் இளஞ்சிவப்புச் சருகுகள் மேலெழும்பி, சாய்வெயிலில் ஒளி ஊடுருவி நிற்கும். அந்த விரலும் சருகும் பேச்சும் சேர்ந்த கணம் படத்தில் அமைந்துவிட்டால், நாம் சாம்பாரில் போடும் ஒரு பொருளுக்குப் பின்னே எத்தனை தேர்ந்த கைகள் இருக்கின்றன என்பதைச் சொல்ல வேறு வாக்கியம் வேண்டியதில்லை.

திங்களிலும் வெள்ளியிலும் நடை திறக்கும் மரபுடைய, பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குக் குலதெய்வ வழிபாட்டிற்கு வரும் குடும்பங்கள், ஊறவைத்த பச்சரிசியை அங்கேயே உரலில் இடித்து மாவிளக்கு ஏற்றுவார்கள். நகரத்தில் பிறந்து உலக்கையையே பிடித்தறியாத மருமகளுக்கு, மாமியார் பின்னின்று கைப்போக்கைச் சொல்லிக்கொடுக்கும் காட்சியில் ஒரு வம்சத்தின் சரித்திரமே இருக்கிறது. அரியலூரிலோ, சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளின் தூசி, சாலையோரத்து வேம்பையும் பெட்டிக்கடையின் வாழைத்தாரையும் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் தலைமுடியையும் ஒரே வெண்ணிறமாக்கிவிடுகிறது. அதை அழகென்று மட்டும் காண்பது நியாயமன்று. அந்தத் தூசியைத் தினந்தோறும் சுவாசிப்பவர்களின் வாழ்வும் படத்தில் இருக்கவேண்டும்.

அந்தச் சுண்ணாம்புக்கல்லோ, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் யுகத்தில் இப்பகுதியை மூடியிருந்த கடலின் எச்சம். அரியலூரை அடுத்த வாரணவாசிப் புதைபடிவ அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் சிப்பிகளும் சுருள்கூட்டு அம்மோனைட்டுகளும் அந்தக் கடலில் விசேஷமான பிராணிகளல்ல. அன்றாடம் வாழ்ந்து மடிந்த சாமானிய ஜீவன்கள். இருந்தபடியே சேற்றில் பதிந்ததனால், அவை ஒரு யுகத்துக்கே சாட்சியாயின. வீதிப் படமும் அவ்வகையான பதிவே.

இதற்கு விலையுயர்ந்த சாதனம் வேண்டியதில்லை, கைப்பேசி போதும். காமிரா உள்ளவர்கள் 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸ் பொருத்தி, லென்ஸின் துவாரத்தை (அபெர்ச்சர்) f/8இல் வைத்து, ஷட்டரை வினாடியில் 250இல் ஒரு பங்குக்கு அமைத்துக்கொண்டால், பகல் வெளிச்சத்தில் நடப்பவரின் உருவம் கலங்காது. அதைவிட முக்கியம், பல இடங்களுக்கு ஓடாமல் ஓரிடத்திற்கே பலமுறை போவது. முதல்முறை போகும்போது கண்ணில் படுபவை விநோதங்கள் மட்டுமே. பழகப் பழகத்தான் பூக்காரம்மா எந்த மணிக்கு நிழல் தேடி இடம் மாறுகிறார், டீக்கடைக்காரர் யாருக்குக் கேளாமலே சர்க்கரை குறைக்கிறார் என்பவை புலப்படும். அதற்குள் அவர்களுக்கும் நாம் பழகிய முகமாகிவிடுவோம். வேண்டாமென்று ஒருவர் கையசைத்தால் படத்தை அவர் கண்ணெதிரே அழித்துவிட வேண்டும். துக்கவீட்டிலும் மருத்துவமனை வாசலிலும் காமிரா பைக்குள்ளேயே இருக்கட்டும். குழந்தைகளைப் படமெடுக்குமுன் பெற்றோரைக் கேட்க வேண்டும். நல்ல படம் அமைந்தால் ஒரு பிரதி அச்சிட்டு உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது கடமை.

பெரம்பலூர், அரியலூர்க் கல்லூரி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெங்காயப் பட்டறை, ஜெயங்கொண்டம் வட்டாரத்துத் தறி, செந்துறைப் பக்கத்து முந்திரித் தோப்பு என்று ஆளுக்கொரு தொழிலை எடுத்துக்கொண்டு ஓராண்டு படமெடுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னும் ஊர், தேதி, செய்யப்படும் வேலை, அந்த வேலைக்கு அவ்வூரார் வழங்கும் சொல் ஆகியவற்றைத் தவறாமல் எழுதுங்கள். தேர்ந்தெடுத்த படங்களை மாவட்ட மைய நூலகத்திற்குக் கொடுத்து, யாரும் கேட்டுப் பார்க்கும்படி ஓர் அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள்.