தண்ணீருக்குள் போன ஊரும் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியும்

சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் என்னைப் போல இன்னொரு சகோதரி செய்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு, பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தோம். துருப்பிடித்த தகரப் பெட்டி ஒன்று. உள்ளே கரையான் அரித்த காகிதக் கட்டு. குப்பைதானே என்று வெந்நீர் அடுப்பில் போட ஆரம்பித்துவிட்டேன். பாதி எரிந்த பிறகுதான் என் மாமியார் பார்த்தார். "ஐயோ அம்மிணி, அது நம்ம ஆத்தா பெட்டியாச்சே!" என்று மீதியைக் கையாலேயே இழுத்துப் போட்டார். விரலெல்லாம் கொப்புளம்.

எங்களுக்குக் கொளத்தூர் பக்கம். ஆத்தா, அதாவது என் கணவரின் பாட்டி, வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் இப்போது மேட்டூர் அணைத் தண்ணீருக்குள் கிடக்கிறது. 1925-ல் ஆரம்பித்து 1934-ல் அணையைக் கட்டி முடித்தார்கள். தஞ்சாவூர் வயலுக்குத் தண்ணீர் வேண்டுமே! அதற்காக இங்கே பல ஊர்கள் காலியாயின. கோடையில் தண்ணீர் ரொம்பவும் இறங்கினால் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய சர்ச்சின் கோபுரமும் தலைகாட்டும். பேப்பரில் படம் போடுவார்கள். ஆனால் கோயிலுக்கு எந்தப் பக்கம் யார் வீடு இருந்தது, எந்தக் கிணற்றில் குடிதண்ணீர் எடுத்தார்கள் என்று எந்தப் பேப்பரில் வரும்? அது ஆத்தாவுக்குத் தெரியும். எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் அவர் இருந்தார். தினம் கஞ்சி ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அடுப்புக்குத் தப்பியதில் ஒன்று, இந்த ஊரில் நிலம் வாங்கிய பத்திரம். ராஜா தலை போட்ட முத்திரைத்தாள். ஸ்ரீமுக வருஷம் மாசி மாதம் என்று எழுதியிருக்கிறது. அதாவது 1934. அதைக் கையில் வைத்துக்கொண்டு மாமியாரிடம், "பழைய கதை சொல்லுங்க அத்தை" என்றேன். "என்னத்தச் சொல்றது?" என்று எழுந்து போய்விட்டார். அப்புறம் ஒருநாள் கொல்லையில் கவிழ்ந்து கிடந்த அம்மியைக் கழுவி நிமிர்த்தி வைத்தேன். மிக்ஸி வந்த பிறகு அதன் மேல் துணி துவைத்துக்கொண்டிருந்தோம்! அதைப் பார்த்ததும், அவரைக்காய் உரித்துக்கொண்டே ஒரு மணி நேரம் பேசினார்.

ஊரைக் காலி செய்தபோது கூரையைப் பிரித்து, விட்டம், நிலை, கதவு எல்லாம் வண்டியில் ஏற்றினார்களாம். இப்போது நாங்கள் தினம் சாத்தித் திறக்கிற வாசல் கதவு அந்த ஊர்க் கதவுதான்! இருபது வருஷமாகக் கோலம் போடுகிறேன், எனக்குத் தெரியாது. அம்மியை மட்டும் விட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறார் மாமனார். "கல்லை யாராச்சும் தூக்கிட்டுப் போவாங்களா?" என்று திட்டினாராம். புதுப் பெண்ணான ஆத்தா பதில் பேசாமல், வண்டியில் அம்மியைப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாராம்.

அவர்கள் வந்தது ஆடியில் என்கிறார் மாமியார். பவானியில் இருக்கும் என் கணவரின் பெரியத்தையோ, தையிலேயே வந்து உறவுக்காரர் திண்ணையில் தங்கி, பிறகுதான் நிலம் வாங்கினோம் என்று அம்மா சொல்வாள் என்கிறார். இருவர் சொன்னதையும் சொன்னவர் பேரோடு அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். நாமாக ஒன்றை அடித்துவிடக் கூடாது.

பழைய காகிதங்களை லாமினேட் செய்யாதீர்கள். சூட்டிலும் பசையிலும் பாழாகும், பிறகு பிரிக்கவும் முடியாது. கிழிசலுக்கு செலோடேப்பும் வேண்டாம், மஞ்சளாகிக் கறை பிடித்துவிடும். மடிப்பை மெல்லப் பிரித்து, துவைத்து உலர்ந்த பழைய வேட்டித் துணியில் சுற்றி, ஈரச்சுவர் ஓரமில்லாத அலமாரியில் படுக்கை வசமாக வையுங்கள். பரண் ஆகவே ஆகாது. போட்டோவின் பின்னால் பேனாவால் எழுதினால் மை இறங்கும். மெதுவான பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் எழுதலாம். வெண்கல, பித்தளைச் சாமானில் பேர் வெட்டியிருந்தால் புளி போட்டுப் பளபளவென்று தேய்க்காதீர்கள். எங்கள் வள்ளத்தில் இருந்த பேரில் இரண்டு எழுத்து என் கைவண்ணத்தில் போயே போய்விட்டது.

பேச்சை மகள் செல்போனில் பதிவு செய்தாள். "இதை வெச்சுப் பேசினா எனக்கு வார்த்தை வராது" என்றார் மாமியார். முறத்தடியில் மறைத்து வைக்கலாமா என்றாள் மகள். வேண்டாமென்று, சொல்லிவிட்டே வைத்தோம். இரண்டாம் நாள் அவரே, "அதை வெச்சியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

2024 கோடையில் தண்ணீர் மிகவும் இறங்கியிருந்தபோது அவரைப் பண்ணவாடிக்கு அழைத்துப் போனோம். அந்த ஊரை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் நந்தியைப் பார்த்து நின்று, மாமியார் சொல்லக் கேட்ட அடையாளத்தை வைத்து, "அப்படின்னா நம்ம வூடு அந்தாண்ட" என்று கை நீட்டினார். மகள் அதை ஒரு படமாக வரைந்திருக்கிறாள். பெரியத்தைக்கு எண்பதுக்கு மேல் ஆகிறது. வரும் ஆடிப் பதினெட்டுக்குப் பவானி போகும்போது அந்தப் படத்தைக் காட்டிச் சரிதானா என்று கேட்க வேண்டும். அம்மியைத்தான் எப்படிக் கொண்டுபோவது என்று தெரியவில்லை.