உங்களுக்குத் தெரியுமா? டெக்சாஸுக்கு உச்ச நீதிமன்றம் இரண்டு!

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சிவில் வழக்குகளுக்கு ஓர் உச்ச நீதிமன்றம். கிரிமினல் வழக்குகளுக்கு அதே அந்தஸ்தில் தனியாக இன்னொன்று. ஒவ்வொன்றிலும் 9 நீதிபதிகள். கட்சி சார்பில் தேர்தலில் நின்று, ஓட்டுக் கேட்டுத்தான் இந்த 6 ஆண்டுப் பதவிக்கு வர வேண்டும்!

மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்தால், முதலில் நடுவிலுள்ள அப்பீல் கோர்ட். மரண தண்டனை என்றால் மட்டும் அந்தப் படியைத் தாண்டி, நேரே கிரிமினல் உச்ச மன்றம். விசித்திரம் என்னவென்றால், சிறார் நீதிமன்ற வழக்குகள் சிவில் கணக்கில் சேர்ந்து சிவில் உச்ச நீதிமன்றத்துக்குப் போய்விடும்.

அடிமட்டத்தில் இருப்பவர் 'ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்'. 20,000 டாலர் வரையிலான வழக்குகளை விசாரிப்பார். அரசு மருத்துவப் பரிசோதகர் இல்லாத பகுதிகளில் சந்தேக மரணங்களையும் இவரே விசாரிப்பார். இத்தனைக்கும் சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.