நகையும் மரபும்: மதுபான விளம்பரத்தின் இரு துணைகள்

ஒரு பொருளை விற்பவன் அப்பொருளின் குணத்தை எடுத்துக் கூறுதல் இயல்பு. அரிசி விற்பவன் அதன் வெண்மையையும், துணி விற்பவன் அதன் உறுதியையும் கூறுவான். மதுபானம் விற்பவனுக்கோ அவ்வழி பெரிதும் அடைபட்டுள்ளது. தான் வாங்குவது மயக்கந் தரும் பொருளென்பதும், அம்மயக்கம் உடலையும் குடியையும் ஒருங்கே கெடுக்க வல்லதென்பதும் வாங்குவோன் முன்னரே அறிந்தவை. ஆதலின் விற்பவன் பொருளைப் பேசாது வேறொன்றைப் பேசுகின்றான். அவ்வேறொன்று பெரும்பாலும் நகையாகவோ மரபாகவோ இருக்கக் காண்கின்றோம். இவ்விரண்டும் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை ஆராயப் புகுவார்க்கு, அயர்லாந்து நாட்டுக் கின்னஸ் மதுவின் விளம்பர வரலாற்றினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

கின்னஸ் என்பது வறுத்த வாற்கோதுமை சேர்த்துக் காய்ச்சிப் புளிக்கவைக்கப்படும் கறுத்த பீர். ஸ்டவுட் என்னும் இனத்தைச் சேர்ந்தது. ஆதர் கின்னஸ் என்பார் 1759ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்துச் சென் ஜேம்ஸ் கேற் என்னுமிடத்திலிருந்த மதுத் தொழிற்சாலையை ஆண்டொன்றுக்கு 45 பவுண் வீதம் 9,000 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தார். ஏறத்தாழ 170 ஆண்டுகள் பத்திரிகை விளம்பரத்தைப் பெரிதும் நாடாதிருந்த அக்கொம்பனி, 1929இல் இலண்டன் நகரத்து எஸ். எச். பென்சன் என்னும் விளம்பர நிறுவனத்தின் துணையை நாடிற்று. அப்போது பிறந்த வாசகம், கின்னஸ் உமக்கு நல்லது என்பது.

இவ்வாசகத்தில் நகையும் இல்லை, மரபும் இல்லை. அது வெளிப்படையான ஒரு கூற்று. கூற்றாயின் அதனை மெய்யோ பொய்யோ என்று ஆராயலாம். ஆராய்ந்தவிடத்து அது நிற்கவில்லை. இரும்புச்சத்து மிக்கதென மக்கள் நம்பிய அந்தக் கறுத்த நீரில் உள்ள இரும்பு மிகச் சொற்பமே. மதுபானம் புற்றுநோய்க்குக் காரணமாவது என 1988இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது. மது உடலுக்கு நலந்தருவது என விளம்பரத்திற் கூறுதலைப் பிரித்தானிய விளம்பர விதிகள் இன்று விலக்கியுள்ளன. இவ்வாறு கூற்று வீழ்ந்தது. ஆயின், அக்கூற்றுக்குத் துணையாக வந்த நகை வீழவில்லை; அது தன் தலைவனை இழந்த பின்னரும் தனித்து நின்று தொழில் செய்தது.

அந்நகையின் கர்த்தா ஜோன் கில்றோய் (1898–1985) என்னும் ஓவியர். ஒரு சர்க்கசிலே கடற்சிங்கம் மூக்கின்மீது பந்தை நிறுத்தி ஆடுதலைக் கண்ட அவர், பந்துக்குப் பதிலாகக் கின்னஸ் கிண்ணத்தை வைத்து வரைந்தார். 1935 முதல் மிருகக்காட்சிச்சாலையின் பிராணிகள் ஒவ்வொன்றாகச் சுவரொட்டிகளில் ஏறின. கடற்சிங்கம் கிண்ணத்தைக் கவர்ந்துகொள்ளும். தீக்கோழி அதனை முழுதாக விழுங்கிவிட, அதன் நீண்ட கழுத்தில் கிண்ணத்தின் வடிவம் புடைத்து நிற்கும். பாவம், மிருகக் காவலன் கைகளை விரித்தபடி நிற்பான். அக்காவலனின் முகம் ஓவியர் தம் முகத்தையே கேலியாக வரைந்துகொண்டது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்குரிய நிலைக்களன்களாக எள்ளல், பேதைமை, மடன், இளமை என்னும் நான்கினைக் காட்டுவர். கில்றோயின் ஓவியங்களை இவ்வளவுகோல் கொண்டு நோக்கின் ஒருண்மை புலனாகும். காவலனது பேதைமை அங்குண்டு. பிராணிகளின் மடமும் இளமைக் குறும்பும் அங்குண்டு. எள்ளல் மட்டும் அறவே இல்லை. இஃது தற்செயலன்று. உலகத்து நகைச்சுவைகளுள் குடிகாரனைப் பற்றியவை எத்துணை! அவை யாவும் எள்ளலிற் பிறப்பவை. தள்ளாடும் காலையும் குழறும் நாவையும் காட்டிச் சிரிக்கச் செய்பவை. அத்தகைய சிரிப்பு மதுவுக்குப் பகை. ஆதலின் விளம்பர ஓவியர் குடிப்பவனையே படத்தினின்றும் நீக்கிவிட்டார். அங்கே மது உண்டு, வேட்கை உண்டு, ஓட்டமும் ஏமாற்றமும் உண்டு. குடித்த மனிதன் இல்லை. குடித்தபின் நிகழ்வது எதுவும் இல்லை. நம்மூர்த் தவறணைக்கு இத்தகைய ஓவியர் எவரும் வாய்த்திலர்; அதன் வாயிலில் நிற்போரின் கோலமே அதன் விளம்பரமாயிற்று.

அச்சுவரொட்டிகளுள் டூக்கன் என்னும் பெருமூக்குப் பறவையைக் கொண்டது தனியே நோக்கத்தக்கது. அதற்குரிய சிறு பாடலை எழுதியவர் பிற்காலத்தில் துப்பறியும் நவீனங்களாற் புகழ்பெற்ற டொறதி சேயர்ஸ் என்பர். அவ்வம்மையார் 1922 முதற் சில ஆண்டுகள் பென்சன் நிறுவனத்திற் பணியாற்றியவர்; விளம்பர நிறுவனமொன்றைக் களமாக வைத்து 1933இல் ஒரு நவீனமும் எழுதினார். பாடலின் உயிர் ஒரு சிலேடை. டூக்கன் என்னும் பறவைப் பெயர், ஆங்கிலத்தில் ‘இரண்டினால் இயலும்’ எனவும் பிரிந்து பொருள்படும். பறவையின் அருகே இரண்டு கிண்ணங்கள் இருக்கும். காளமேகத்தின் சிலேடைகளிற் பயின்ற நமக்கு இதன் சொன்னயம் எளியதே. அதன் உட்கிடையோ எளியதன்று. இரண்டாவது கிண்ணத்தையும் பருகுக என எந்த நிறுவனமும் வெளிப்படையாக எழுதத் துணியாது. எழுதினாற் படிப்பவன் முகஞ்சுளிப்பான். சிலேடையில் அவ்வறிவுரை ஒளிந்து நிற்கின்றது. அதனைக் கண்டுபிடிப்பவன் படிப்பவனே. தானே கண்டுபிடித்த பொருளை எவன் மறுப்பான்? தன் கூர்மையை வியந்து அவன் மகிழும்போது, அறிவுரை அவனுள்ளத்திற் புகுந்துவிடுகின்றது. விடுகதைக்கும் சிலேடைக்கும் உரிய இவ்வியல்பை வணிகர் அறிந்த அளவுக்கு இலக்கணம் கற்பிப்போர் அறிந்திருந்தாற் பாடம் இனிக்கும்.

லூயிஸ் கரோலின் அலிஸ் கதையைத் தழுவிய கேலிப் பாடல்களும் இக்கொம்பனியின் விளம்பரங்களாயின. அவற்றைச் சிறு நூலாக அச்சிட்டு 1933 முதல் நத்தார்க் காலத்தில் மருத்துவர்களுக்கு அன்பளிப்பாக அனுப்பினர். குழந்தைக் கதையில் வளர்ந்தோர் அக்கதையின் இன்பத்தை நினைந்து நெகிழுமிடத்தில் மதுக்கிண்ணம் வைக்கப்பட்டது. பிராணிகளும் அலிசும் பெரியோரைச் சிரிப்பித்தன. அருகே நின்ற சிறுவர்களும் சிரித்தனர் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

இனி மரபு. கின்னஸ் புட்டியில் 1862 முதல் ஒரு யாழின் உருவம் பொறிக்கப்பட்டு வந்துள்ளது. 1876இல் அது வணிகக் குறியாகப் பதிவுபெற்றது. டப்ளின் திரித்துவக் கல்லூரியிற் பேணப்படும் பழைய யாழே அதற்கு மூலம். 1014இற் போரில் மாண்ட பிறையன் போறு என்னும் அரசனின் யாழெனப் பெயர் வழங்கினும், அக்கருவி 14ஆம் அல்லது 15ஆம் நூற்றாண்டினதென அறிஞர் கொள்வர். ஆகவே அரசனுக்கும் யாழுக்கும் உள்ள தொடர்பே புனைவு. யாழுக்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பு அப்புனைவின்மேற் கட்டிய மாடம். 1922இல் உதயமான அயர்லாந்துச் சுதந்திர அரசு தன் இலச்சினையாக அதே யாழைத் தேர்ந்தபோது, மதுக் கொம்பனியின் யாழுக்கு எதிர்த்திசை நோக்கிய வடிவத்தையே கொண்டது. ஒரு நாட்டினத்தின் சின்னம், மதுப் புட்டிக்கு வழிவிட்டு முகந்திருப்பி நின்ற விந்தை இது. யாழின் பெயரால் ஊர்ப்பெயர் கொண்டோர், விபுலாநந்த அடிகளாரின் யாழ்நூலைப் போற்றுவோர், இதன் பொருளை எளிதில் உணர்வர். சின்னத்தைப் பழித்தற்கு எவரும் கூசுவர்; அக்கூச்சமே மதுவுக்குக் காவலாகின்றது.

பழமை போதாதவிடத்து வணிகர் புதிய மரபையும் படைப்பர். கொம்பனியின் 250ஆம் ஆண்டு நிறைவாகிய 2009இல் ஆதர் நாள் என்னுமொரு திருநாள் தொடங்கப்பட்டது. தொடக்க ஆண்டாகிய 1759ஐக் கடிகாரத்தின் 17 மணி 59 நிமிடமாக மாற்றி, மாலை 5.59க்கு யாவரும் கிண்ணமேந்துக என முகூர்த்தமும் வகுத்தனர். இசை நிகழ்ச்சிகள் நடந்தன, இளைஞர் திரண்டனர். அயர்லாந்து மருத்துவர் கல்லூரியும் கிறிஸ்ரி மூர் போன்ற பாடகரும் கண்டித்தெழுந்த பின், 2013இன் விழாவோடு அது நின்றது. ஐந்தாண்டில் எழுந்து ஐந்தாண்டில் அவிந்த திருநாள். மக்கள் மரபாயின் அத்துணை விரைவில் மறையுமோ?

நகை, மரபு இரண்டையும் விஞ்சிய வழியொன்றையும் அக்கொம்பனி கண்டது. வேட்டைப் பறவைகளுள் மிக விரைந்து பறப்பது யாதென 1951இல் எழுந்த ஒரு வாதம், அதன் முகாமையாளர் சேர் கியூ பீவருக்கு ஓர் எண்ணத்தைத் தந்தது. மதுச்சாலைகளில் எழும் இத்தகைய வாதங்களைத் தீர்க்கும் நூலாகக் கின்னஸ் சாதனை நூல் 1955இல் வெளிவந்தது. இன்று அந்நூல் பாடசாலை நூலகங்களில் இடம்பெறுகின்றது. 2001இல் அது வேறொரு நிறுவனத்திற்கு விற்கப்பட்டபின்னும் பெயர் மாறவில்லை. மதுவின் பெயரென்று அறியாமலே அப்பெயரை உச்சரிக்கும் மாணவர் தொகை பெரிது.

சட்டம் இவற்றை எவ்வாறு எதிர்கொள்ளும்? இலங்கையின் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம் மதுபான விளம்பரத்தை முற்றாக விலக்கியது. பிரான்சு நாடு 1991இல் இயற்றிய சட்டம் வேறு நெறியைப் பின்பற்றிற்று: மதுவின் செறிவு, சேர்பொருள், பிறப்பிடம், செய்முறை முதலிய செய்திகளைக் கூறலாம், களிப்பையும் கவர்ச்சியையும் காட்டலாகாது. நகையை இது பெரிதும் அடக்கிற்று. மரபையோ முற்றாக அடக்கவில்லை. ஊரும் மண்ணும் பிறப்பிடம் என்னும் வாயிலால் உள்ளே நுழைந்துகொண்டன. விளையாட்டுப் போட்டிகளுக்கு மதுக் கொம்பனிகள் பொருளுதவி செய்து பெயர் பொறித்தலையும் அச்சட்டம் தடுத்தது. ஆறு நாடுகளின் றக்பி போட்டிக்குக் கின்னஸ் 2019இற் புரவலராகியது. பாரிசு நகரத்தை அடுத்துள்ள மைதானத்தில் அப்பெயரை எழுத இயலவில்லை. அதனிடத்தில், அதே எழுத்து வடிவில், பெருமை என்னும் பொருளுடைய கிறேற்னஸ் என்ற ஆங்கிலச் சொல் புல்தரையில் தீட்டப்பட்டது. இரண்டு சொற்களுக்கும் முதலெழுத்து ஒன்று, ஈற்றசையும் ஒன்று. பார்ப்போர் சிரித்தனர்; கின்னஸ் என்றே படித்தனர்.